அடுத்தவர் கண்ணில் படும் திரை

ஒரே வேலையைப் பங்கிட்டுச் செய்கிற சிலர், தத்தம் மேசைத் திரைகளோடு எல்லோருக்கும் பொதுவான திரைகளையும் வைத்துக்கொண்டு உழைக்கும் அறையே பல திரைப் பணியிடம். ரயில் கட்டுப்பாட்டு அறையும் விண்கலங்களின் தரைக்கட்டுப்பாட்டு மையமும் இதற்குப் பெயர்பெற்ற உதாரணங்கள். நாளிதழின் செய்திப்பிரிவும் இந்த வகைதான். அங்கே நெருக்கடி நேரம் என்று தனியாக ஒன்றில்லை. மாலையில் சூடுபிடித்து நள்ளிரவில் முடிகிற வேலை, மறுநாள் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அன்றாட வேலைக்குத் திரைகளை எப்படி அமைப்பது என்பதை அறிய அதைவிட நல்ல இடம் அமைவது அரிது. இதை எழுதுபவர் துணை ஆசிரியராக இருந்த சென்னை நாளிதழ் ஒன்றின் அறை, பேஸ்ட்-அப் மேசையிலிருந்து சுவர்த் திரை வரைக்கும் ஒவ்வொரு படியாகக் கடந்து வந்தது. அந்தப் படிகளின் வரிசையிலேயே விஷயத்தையும் சொல்லலாம்.

1990-களில் அந்த அறையின் நடுவில் இருந்தது கணினி அல்ல. அடியில் டியூப் லைட் பொருத்திய கண்ணாடி மேசை. செய்திகளைக் கணினியில் கம்போஸ் செய்து, தாளில் எடுத்து, பத்தி பத்தியாக வெட்டி, கட்டம் போட்ட பெரிய தாளில் ஒட்டுவார்கள். ஒட்டும் வேலை ஃபோர்மேனுடையது. பிற்பகலிலிருந்து இரவு வரை அந்தப் பக்கம் அங்கேயே திறந்து கிடக்கும். செய்தி ஆசிரியர் வருவார், மெய்ப்புத் திருத்துபவர் வருவார், விளம்பரப் பிரிவிலிருந்து தங்கள் விளம்பரம் டம்மியில், அதாவது பக்கத்தின் மாதிரி வரைவில், குறித்த இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்க்க ஒருவர் வருவார். தேநீர் எடுத்துப் போகிறவர்கூடக் குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார். "அண்ணே, அந்தப் படத்துக்குக் கீழே போட்டிருக்கிற பேரு மாறியிருக்கு" என்று அப்படிப் போகிறவர் சொல்லித் திருத்திய பக்கங்கள் உண்டு. ஒட்டாமல் வெறுமையாகக் கிடக்கும் தாளின் அளவைப் பார்த்தே இன்னும் எவ்வளவு செய்தி வேண்டும் என்று துணை ஆசிரியர்கள் கணக்கிட்டுக்கொள்வார்கள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கத் தேவையில்லை. வேலையின் நிலை அந்த மேசையில் எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டிருந்தது.

முழுப் பக்கத்தையும் பேஜ்மேக்கர் என்ற மென்பொருளில் அமைக்கத் தொடங்கியதும் மேசை போய்விட்டது. பக்கம் அதை அமைக்கும் ஆபரேட்டரின் 17 அங்குலக் கண்ணாடிக் குழாய்த் திரைக்குள் புகுந்தது. அந்தத் திரையில் கண்ணுக்குத் தெரியும் உயரம் 24 சென்டிமீட்டர் அளவு. நாளிதழ்ப் பக்கத்தின் உயரமோ 50 சென்டிமீட்டருக்கு மேல். முழுப் பக்கத்தையும் காட்டினால் எழுத்து பாதிக்கும் கீழே சுருங்கிப் படிக்க முடியாமல் போகும். படிக்கும்படி பெரிதாக்கினால் பக்கத்தின் ஒரு மூலை மட்டுமே தெரியும், அதுவும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும். செய்தி ஆசிரியர் ஆபரேட்டரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்க வேண்டியதாயிற்று. அவர் நகர்ந்ததும் அந்த இடத்துக்கு இன்னொருவர் வருவார். "மூணாம் பக்கம் என்ன ஆச்சு?" என்ற கேள்வி அறையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பறக்கத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான். பக்கம் தயாராகும் வேகம் கூடியது உண்மை. ஆனால் பக்கத்தைப் பற்றி அறையில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது குறைந்துபோனது.

இதற்கு அங்கிருந்தவர்களே கண்டுபிடித்த மாற்று, தாள். ஒவ்வொரு பக்கமும் ஓரளவு உருவானவுடன் அதை ஏ3 தாளில் அச்செடுத்துச் சுவரில் செல்லோடேப்பால் ஒட்டிவிடுவார்கள். பக்க எண் வரிசையில் தாள்கள் தொங்கும். திருத்தம் வந்தால் பழைய தாளுக்கு மேலேயே புதியது ஏறும். எந்தப் பக்கத்தில் தாள் தடிமனாகச் சேர்ந்திருக்கிறதோ அதில் தகராறு அதிகம் என்று பார்த்தவுடன் தெரியும். எந்தப் பக்கத்துக்கு இன்னும் தாளே வரவில்லையோ அங்கே ஆள் தேவை. யாரும் வடிவமைக்காத பொதுத் திரை அது. பல திரைப் பணியிடம் அமைக்க முனைகிறவர்கள் கடைக்குப் போவதற்கு முன்னால், இப்படி எங்கே தாள் ஒட்டப்பட்டிருக்கிறது, எந்த வெள்ளைப் பலகையை யாரும் அழிக்க விடுவதில்லை, எந்த நாற்காலிக்குப் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள் என்று சில மாலைகள் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். திரை வேண்டிய இடங்களை அந்த அறை முன்பே குறித்து வைத்திருக்கும்.

இந்தக் கண்ணில் படுதலைத் தீவிரமாக ஆராய்ந்தவர்களில் கிறிஸ்டியன் ஹீத்தும் பால் லஃபும் முக்கியமானவர்கள். லண்டன் பாதாள ரயிலின் பேக்கர்லூ தடக் கட்டுப்பாட்டு அறையில் நடப்பதைப் படம்பிடித்து, வினாடி வினாடியாக அலசி, 1992-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை கூட்டு வேலையை ஆராயும் துறையில் இன்றும் படிக்கப்படுகிறது. அந்த அறையில் தடத்தைக் கட்டுப்படுத்துபவரும் பயணிகளுக்கு அறிவிப்புச் செய்பவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். எதிரே சுவர் நெடுக, ரயில்கள் எங்கே இருக்கின்றன என்பதை விளக்குகளால் காட்டும் தட வரைபடம். மேசைகளில் நிலைய மேடைகளைக் காட்டும் கேமராத் திரைகள். கட்டுப்பாட்டாளர் ஓட்டுநர் ஒருவரோடு தொலைபேசியில் பேசத் தொடங்குவார். அறிவிப்பாளர் அதை நேராகக் கவனிப்பதுபோலத் தெரியாது. ஆனால் பேச்சு முடிவதற்குள் அவர் வரைபடத்தைப் பார்த்து, கேமராவை உரிய நிலையத்துக்கு மாற்றி, பயணிகளுக்கான அறிவிப்பைத் தொடங்கிவிடுவார். "இதை அறிவியுங்கள்" என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒருவர் தன் வேலையைச் செய்கிற விதமே அடுத்தவருக்குச் செய்தியாகிறது. இருவர் கண்ணும் ஒரே வரைபடத்தைத் தொடக்கூடியதாக இருப்பதால்தான் அது முடிகிறது. கேட்காமலே தெரிந்துகொள்வதற்கு வழி செய்யாத அறையில் எத்தனை திரை மாட்டினாலும் அது தனித்தனி மேசைகளின் கூட்டமாகவே இருக்கும்.

செய்திப்பிரிவின் அடுத்த மாற்றம் இரண்டாவது திரை. ஒரே கணினியில் பல திரைகளை இணைக்கும் வசதி 1987-ல் வந்த மேகிண்டாஷ் 2-லேயே இருந்தது. விண்டோஸ் 98 அதை விண்டோஸ் கணினிகளுக்கும் கொண்டுவந்தது. அந்த அலுவலகத்துக்கு அது வந்து சேர மேலும் சில ஆண்டுகள் ஆயின. முதலில் எதிர்பார்த்தது, ஆபரேட்டர் பக்கத்தை இரண்டு திரையிலும் நீட்டிப் பெரிதாக வைத்துக்கொள்வார் என்பது. ஒருவரும் அப்படிச் செய்யவில்லை. ஒரு திரையில் பக்கம். மற்றதில் செய்தி முகமைகளின் செய்திப் பட்டியல், படங்களின் கோப்புறை, விளம்பர டம்மி. மைக்ரோசாஃப்டில் ஆய்வாளராக இருந்த ஜோனதன் க்ரூடின், பல திரைகள் வைத்திருப்பவர்களைக் கவனித்து 2001-ல் எழுதியதும் இதையேதான்: இரண்டாவது திரையைப் பெரும்பாலோர் கூடுதல் இடமாகப் பார்ப்பதில்லை, தனி அறையாகப் பார்க்கிறார்கள். ஊன்றிப் பார்க்கும் வேலை ஒன்றில், ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியது மற்றதில். இரண்டு திரைச் சட்டங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி தொந்தரவாக இல்லை, வேலையைப் பிரித்துக் கொடுக்கும் கோடாகவே பயன்பட்டது.

ஆனால் செய்திப்பிரிவில் இதற்கு மேலும் ஒன்று நடந்தது. சில மாதங்களில் ஆபரேட்டர்கள் தங்கள் இரண்டாவது திரையை மெல்ல மெல்ல நடைபாதைப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்கள். செய்தி ஆசிரியர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்காமல், நடந்துபோகிற போக்கிலேயே பார்த்துவிட்டுப் போக அது வசதி. பக்கம் ஓரளவு உருவானதும் அதன் முழுத் தோற்றத்தை அந்தத் திரைக்கு மாற்றி வைப்பார்கள். வெட்டி ஒட்டும் வேலை உள்பக்கத் திரையில் தொடரும். எந்தக் கையேட்டிலும் இல்லாத இந்த ஏற்பாட்டை மேசைகளை மாற்றி அடுக்கியபோது யாரும் கணக்கில் எடுக்கவில்லை. புதிய மேசைகளில் திரைகள் நகர்த்த முடியாத தாங்கிகளில் இறுக்கப்பட்டிருந்தன. திருப்பக்கூடிய தாங்கிக்கும் திருப்ப முடியாத தாங்கிக்கும் விலையில் உள்ள வித்தியாசம் சிறியது. பல திரைப் பணியிடத்தில் இப்படிப்பட்ட சிறிய பொருட்களே பெரிய தீர்மானங்களைச் செய்துவிடுகின்றன.

ஒரே திரையை எல்லோரும் பார்ப்பது என்றால் என்ன என்பதைக் கணினித் துறை தொடக்கத்தில் மிகக் கண்டிப்பாக எடுத்துக்கொண்டது. கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் 1980-களின் நடுவில் மார்க் ஸ்டெஃபிக்கும் அவருடைய குழுவினரும் கோலாப் என்ற கூட்ட அறையை அமைத்தார்கள். இரண்டிலிருந்து ஆறு பேர் வரை உட்காரலாம். ஆளுக்கொரு கணினி, முன்னால் ஒரு பெரிய திரை, எல்லாம் ஒரே வலையமைப்பில். நான் பார்ப்பதையே நீயும் பார்க்கிறாய் என்பது அந்த அறையின் அடிப்படை விதி. கரும்பலகைக்கு முன் நிற்பவர்கள் எல்லோரும் ஒன்றையே பார்க்கிறார்கள் அல்லவா, அந்த நிலையைக் கணினியில் கொண்டுவரும் முயற்சி. விதியை அப்படியே கடைப்பிடித்தபோது வேலை நகரவில்லை. ஒருவர் மேலே உருட்டினால் எல்லோருக்கும் மேலே போனது. இன்னொருவர் சாளரத்தை நகர்த்தினால் மற்றவர் படித்துக்கொண்டிருந்தது மறைந்தது. 1987-லேயே அந்தக் குழு விதியைத் தளர்த்தி, எது பொதுவாக இருக்க வேண்டும், எது அவரவர் விருப்பத்துக்கு விடப்பட வேண்டும் என்று பிரித்தது.

தளர்த்தியதிலும் ஒரு சிக்கல் இருந்தது. கோலாபில் இருந்த காக்னோட்டர் என்ற கருவியில், ஒருவர் தன் குறிப்பைத் தனியாக எழுதி முடித்த பிறகே மற்றவர்களுக்கு அது தெரியும். டெபரா டாட்டரும் உடன் பணியாற்றியவர்களும் 1991-ல் இதை ஆராய்ந்தபோது, அதைப் பயன்படுத்தியவர்கள் அடிக்கடி குழம்பிப்போனது தெரிந்தது. கட்டிக் கொடுத்த பார்சலைப்போல எழுத்து முழுதாக வந்து விழுந்தது. அது உருவாகும்போதே தலையாட்டவும் மறுக்கவும் திருத்தவும் இடமில்லை. எதிரெதிரே இருந்துகொண்டு "இதைப் பாருங்கள்" என்று சுட்டினால், சுட்டியது மற்றவர் திரையில் அதே இடத்தில் இருக்கவில்லை. பேஸ்ட்-அப் மேசையில் ஃபோர்மேன் ஒரு பத்தியைக் கையில் எடுத்து வைக்கும் முன்பே எதிர்ப்பக்கத்திலிருந்து "வேண்டாம் வேண்டாம், அது உள்ளே போகட்டும்" என்று குரல் வரும். முடிந்த பொருளைக் காட்டுவதைவிட, முடியாமல் நடந்துகொண்டிருப்பதைக் காட்டுவதே கூட்டு வேலைக்கு அதிகம் உதவுகிறது.

செய்திப்பிரிவின் மாலைக் கூட்டத்துக்குப் புரொஜெக்டர் வாங்கியபோது கோலாபின் முதல் சிக்கல் அப்படியே வந்தது. ஒருவருடைய மடிக்கணினி சுவரில் தெரியும். மவுஸ் அவர் கையில். மற்றவர்கள் "கொஞ்சம் மேலே போங்க", "முந்தினது, முந்தினது" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். தன்னிடம் உள்ள படத்தைக் காட்ட விரும்புகிறவர், கேபிளைக் கழற்றித் தன் கணினியில் மாட்ட வேண்டும். அந்தச் சில நிமிடத் தொல்லைக்குப் பயந்தே பல படங்கள் காட்டப்படாமல் போயின. வாயால் விவரித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். படத்தைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு எழுந்து போய்க் கொடுப்பதும் நடந்தது. சோனியின் ஆய்வகத்தில் ஜுன் ரெகிமோட்டோ 1997-ல் செய்துகாட்டியது இந்தக் கைச்செயலைத்தான்: ஒரு திரையில் பேனாவால் தொட்டு எடுத்து, இன்னொரு திரையில் தொட்டு வைப்பது. எடுத்துச் செல்வது என்ற உணர்வை விட்டுவிடாமல், நடுவே உள்ள கோப்பு, வலையமைப்பு, பெயர் என்ற தொல்லைகளை மட்டும் அவர் நீக்கப் பார்த்தார்.

இந்தத் தடையை அறை முழுவதற்கும் நீக்கியது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஐரூம். டெரி வினோகிராட், அர்மாண்டோ ஃபாக்ஸ், பேட் ஹன்ரஹான் முதலியோர் வழிநடத்த, 1990-களின் கடைசியில் தொடங்கியது அந்த முயற்சி. சுவரில் தொடுதிரைகள் மூன்று, மேசையின் மேற்பரப்பே ஒரு திரை, முன்புறத்தில் நுணுக்கமான இன்னொரு பெரிய திரை. அங்கே பாயிண்ட்ரைட் என்ற மென்பொருள், ஒருவருடைய மவுஸ் சுட்டியை அவர் திரையின் விளிம்பைத் தாண்டி அடுத்த திரைக்கு நகர விட்டது. அறையில் திரைகள் எப்படி நிற்கின்றனவோ அதே வரிசையில். எழுந்து போக வேண்டாம், கேபிள் மாற்ற வேண்டாம். இதைவிடப் பெரிய சாதனை கண்ணுக்குத் தெரியாத அடித்தளம். கணினிகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசாமல், பொது இடம் ஒன்றில் செய்திகளைப் போடும்; தேவைப்படுகிற கணினி எடுத்துக்கொள்ளும்; யாரும் எடுக்காத செய்தி சிறிது நேரத்தில் தானே மறையும். ஒரு கணினி நின்றுபோனால் மற்றவை நிற்காது. அன்றாட அறைக்கு இந்தக் குணம் இன்றியமையாதது. இரவு பதினொன்றரைக்கு ஒரு திரை அணைந்தால் பக்கம் தாமதிக்கக் கூடாது.

தமிழ் அலுவலகங்களுக்கு அந்தக் காலத்தில் இன்னொரு தனிச் சிக்கல் இருந்தது. ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வோர் எழுத்துரு நிறுவனத்தின் குறியீட்டைப் பயன்படுத்தியது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் அடைப்புக்குறிகளும் ஆங்கில எழுத்துகளும் கலந்த குப்பையாகத் தெரியும். கூட்ட அறைக் கணினிக்குக் கோப்பை அனுப்பிக் காட்டுவது ஆகவே நம்பகமான வழியாக இருக்கவில்லை. இங்கே கைகொடுத்தது, கோப்பை அனுப்பாமல் திரையின் தோற்றத்தையே அனுப்பும் முறை. கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி, ஆரக்கிள் நிறுவனங்களின் கூட்டு ஆய்வகம் 1990-களின் பிற்பகுதியில் உருவாக்கி இலவசமாக வெளியிட்ட வி.என்.சி. மென்பொருள் அப்படிப்பட்டது. எதிர்முனையில் எழுத்துரு வேண்டாம், பேஜ்மேக்கர் வேண்டாம். அங்கே தெரிகிற புள்ளிகள் இங்கேயும் தெரியும், அவ்வளவுதான். யூனிகோடு நிலைபெற்றுவிட்ட இன்றும், எல்லாருடைய கணினியும் ஒரேபோல இருக்கும் என்று நம்பி அமைக்கப்படும் அறை விரைவில் மாட்டிக்கொள்ளும்.

தோற்றத்தை அனுப்புவதில் ஓர் அபாயம், தேவைக்கு மேல் தெரிந்துவிடுவது. முழுத் திரையையும் பகிர்ந்தால் பக்கத்தோடு சேர்ந்து மின்னஞ்சலும் தெரியும், நிருபர் பெயர் சொல்ல விரும்பாத ஆளிடமிருந்து வந்த குறுஞ்செய்தியும் தெரியும். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜேக்கப் பீலும் பிரையன் பெய்லியும், மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்களோடு சேர்ந்து 2008-ல் வெளியிட்ட இம்ப்ராம்ப்டு என்ற மென்பொருள் இதை நேர்த்தியாகக் கையாண்டது. பகிர்வது திரையை அல்ல, ஒரு சாளரத்தை. அதை மற்றவர் பார்க்க மட்டும் விடலாம், கைவைக்கவும் விடலாம், எதுவும் இல்லாமல் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளவும் செய்யலாம். தீர்மானம் சாளரத்துக்கு உரியவருடையது. எந்த நேரமும் திரும்பப் பெறலாம். அதைச் செயற்கையான சோதனைக் கூடத்தில் நிறுத்திவிடாமல், மென்பொருள் எழுதும் குழுக்களின் சொந்த அறையிலேயே, அவர்களுடைய சொந்த வேலையிலேயே பயன்படுத்திப் பார்த்தார்கள். செய்திப்பிரிவில் இதன் அருமை நன்றாகப் புரியும். தலைப்பை நான்கைந்து விதமாக எழுதிப் பார்க்கும் துணை ஆசிரியருக்கு, அவற்றை யாரும் பார்க்காமல் இருப்பது அவசியம். கூச்சம் இல்லாமல் மோசமான வரியை எழுதிப் பார்க்க முடியாதவருக்கு நல்ல தலைப்பு வராது. நடக்கிற வேலை கண்ணில் பட வேண்டும் என்பதும், எது எப்போது படலாம் என்பதைச் செய்பவரே தீர்மானிக்க வேண்டும் என்பதும் ஒன்றையொன்று வெட்டும் விதிகள் அல்ல. பேஸ்ட்-அப் காலத்திலும் துணை ஆசிரியர் தன் மேசையில் எழுதி முடித்த பிறகுதான் தாள் கண்ணாடிக்கு வந்தது.

சுவர்த் திரைக்கு வரலாம். அந்த அலுவலகத்தில் முதலில் மாட்டியது செய்தி சேனல்களைப் பார்ப்பதற்கான 42 அங்குலத் தொலைக்காட்சி. அதுவும் கூரையை ஒட்டி, ஆசிரியர் அறைக் கதவுக்கு மேலே. பிறகு அதிலேயே பக்கங்களைக் காட்டலாம் என்று முடிவானது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இதில் உள்ள இடர்ப்பாடு தெரியும். 42 அங்குலத் திரையின் உயரம் சுமார் 52 சென்டிமீட்டர். நாளிதழ்ப் பக்கம் முழுதும் அதில் ஏறக்குறைய உண்மை அளவில்தான் வரும். தொலைவிலிருந்து வசதியாகப் படிக்க, எழுத்து கண்ணில் ஏறத்தாழ 20 பாகைத்துளி அளவு விரிய வேண்டும் என்பது திரை வடிவமைப்பில் கொள்ளப்படும் அளவு. 4 மீட்டர் தூரத்தில் இது 23 மில்லிமீட்டர் உயர எழுத்தாகிறது. முதல் பக்கத் தலைப்பே 48 புள்ளி அளவில் இருந்தால், எழுத்துக்கான மொத்த இடம் 17 மில்லிமீட்டர்தான்; எழுத்தின் உருவம் அதைவிடச் சிறியது. அதாவது அறையின் நடுவிலிருந்து தலைப்பைக்கூடப் படிக்க முடியாது.

தமிழ் எழுத்துக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரச் சுழியும் வருவதால் வரிகளுக்கு இடையே இடம் அதிகம் வேண்டும். தூரத்தில் முதலில் மறைவது மெய்ப்புள்ளி; அடுத்து னகரமும் ணகரமும் ஒன்றாகத் தெரியும். மெய்ப்புத் திருத்தும் வேலையைச் சுவர்த் திரையில் செய்யலாம் என்ற எண்ணம் ஒரே மாலையில் கைவிடப்பட்டது இதனால்தான். திரையை நிமிர்த்திச் செங்குத்தாக மாட்டியபோது பக்கம் ஒன்றரை மடங்கு பெரிதானது. நின்று பேசும் தூரத்திலிருந்து தலைப்புகள் தெரிந்தன. கூரையிலிருந்து கண் மட்டத்துக்கு இறக்கியதும் கழுத்து வலி பற்றிய புகார் நின்றது. ஜன்னலுக்கு எதிரே இருந்ததை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் மாற்றியதும் மாலை வெயிலின் பிரதிபலிப்பு போனது.

கடைசியில் நிலைத்தது பக்கம் அல்ல, பக்கப் பட்டியல். ஒவ்வொரு பக்க எண்ணும் பெரிய கட்டமாக. செய்தி வரவில்லை என்றால் ஒரு நிறம், பக்கத்தில் வேலை நடக்கிறது என்றால் ஒரு நிறம், மெய்ப்பில் இருக்கிறது என்றால் ஒன்று, அச்சுக்குப் போய்விட்டது என்றால் ஒன்று. கட்டத்துக்குள் லீட் செய்தியின் பெயர் ஓரிரு சொற்களில். எதிர்க்கோடியிலிருந்தும் தெரிந்தது அது. வெளியூர்ப் பதிப்புகள் முதலில் முடியும், நகரப் பதிப்பு கடைசியில். அதற்கேற்பக் கட்டங்கள் நிறம் மாறிக்கொண்டே வரும். எண்ணைச் சொன்னால் எல்லோருக்கும் ஒரே பக்கம் மனதில் வரும் என்பது மற்றொரு வசதி. ஹூஸ்டனில் அப்போலோ காலத்துக் கட்டுப்பாட்டு அறையிலும் காட்சிகளுக்கு எண்கள் இருந்தன. எந்த மேசையில் இருப்பவரும் எண்ணைக் கொடுத்து அதே காட்சியைத் தன் திரைக்கு வரவழைக்கலாம். பொறியாளர்கள் வேறு வேறு இடத்தில் இருந்துகொண்டே ஒரே படத்தைப் பற்றிப் பேச அது வழிசெய்தது. பல திரைகள் இருக்கும் அறையில் ஒவ்வொரு திரைக்கும் அதில் தெரிவதற்கும் வாயால் சொல்லக்கூடிய சிறிய பெயர் இருக்க வேண்டும்.

ஒரு பொதுத் திரை பயன்படுகிறதா என்பதை எப்படி அளப்பது? தொடுகிறவர்களை எண்ணினால் தவறான விடை கிடைக்கும். 2004 ஜனவரியில் ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி ஆகிய ஊர்திகள் செவ்வாயில் இறங்கியபோது, பாசடீனாவில் இருந்த ஆய்வுக் குழுக்களுக்கு மெர்போர்டு எனப்படும் பெரிய தொடுதிரைப் பலகைகள் வைக்கப்பட்டன. செவ்வாயின் ஒரு நாள் நம் நாளைவிட ஏறத்தாழ 40 நிமிடம் நீளம். குழுவினரும் அந்தக் கடிகாரப்படி மாறிமாறி வேலைக்கு வந்தார்கள். எலைன் ஹுவாங் முதலிய ஆய்வாளர்கள் கவனித்து 2006-ல் எழுதியதன் சாரம்: நாள் செல்லச் செல்லப் பலகைகளைத் தொட்டு வேலை செய்வது குறைந்தது, எல்லோரும் பார்க்க வேண்டிய தகவலைக் காட்டிக்கொண்டிருப்பது அவற்றின் வேலையாயிற்று. அது தோல்வி அல்ல. அறையிலுள்ள மற்றத் திரைகள், மடிக்கணினிகள், தாள்கள் எல்லாவற்றோடும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு திரையின் மதிப்பு தெரியும் என்று அவர்கள் வாதிட்டார்கள். சென்னையில் அலுவலகம் வேறு மாடிக்கு மாறியபோது, யாரும் பயன்படுத்துவதில்லை என்று கருதிப் பக்கப் பட்டியல் திரையை எடுத்துச் செல்லவில்லை. சில நாட்களில் ஒரே செய்தி இரண்டு பக்கங்களில் அச்சானது. திரை திரும்பி வந்தது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அறையே இல்லாமல் போயிற்று. பத்திரிகைகளுக்கு விலக்கு இருந்தாலும், துணை ஆசிரியர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள். பக்கங்கள் பி.டி.எஃப். ஆக வாட்ஸ்ஆப் குழுவில் வந்தன. கைபேசித் திரையில் நாளிதழ்ப் பக்கத்தைப் பார்ப்பது, சாவித் துளை வழியாக அறையைப் பார்ப்பதற்கு ஒப்பானது. வேலை முடிந்தது, ஆனால் கேட்காமல் தெரிவது முற்றிலும் நின்றது. எல்லாவற்றையும் தட்டச்சு செய்து கேட்க வேண்டும், கேட்கப்படாதது தெரியாது. ஓரளவு உதவியது ஓர் எளிய ஏற்பாடு. வீட்டில் பழைய மடிக்கணினியோ டேப்லெட்டோ இருந்தவர்கள் அதை வேலைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்து, பக்கப் பட்டியலை மாலை முழுவதும் திறந்தே வைத்துக்கொண்டார்கள். குழு அழைப்பையும் அதிலேயே, பேசாவிட்டாலும் துண்டிக்காமல் ஓடவிட்டார்கள். "அஞ்சாம் பக்கத்துக்குப் படம் வந்துடுச்சா தம்பி?" என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்பது மூன்றாமவர் காதிலும் விழுந்தது. ஒரே திரையில் வேலையையும் அழைப்பையும் மாற்றி மாற்றித் திறந்தவர்களுக்கு இது வாய்க்கவில்லை. இரண்டாவது திரை வீட்டிலும் தனி அறையாகவே இருந்தது.

அலுவலகத்துக்குத் திரும்பிய பிறகு இந்த ஏற்பாட்டில் ஒரு பகுதி நிலைத்துவிட்டது. மாவட்ட அலுவலகங்களில் இருப்பவர்களுக்கும் சென்னையில் தெரிகிற அதே பட்டியல் தெரிகிறது. நிறத்தை மாற்றும் உரிமை அந்தந்தப் பக்கத்துக்குப் பொறுப்பானவரிடம் மட்டும். கூட்ட அறைத் திரைக்கு யாரும் தன் இருக்கையிலிருந்தே ஒரு சாளரத்தை அனுப்பலாம். ஆபரேட்டர்களின் திரைகள் மீண்டும் திருப்பக்கூடிய தாங்கிகளில் நிற்கின்றன. பொதுத் திரைகள் யு.பி.எஸ். இணைப்பில் இருக்கின்றன, மின்சாரம் போனால் மேசைக் கணினிகள் மட்டும் பிழைத்துப் பட்டியல் அணைந்துபோவது, பக்கம் முடிக்கும் நேரத்தில் ஆகாத காரியம். திரைகளைக் காலையில் போட்டு, பழைய பட்டியலை அழித்து, அன்றைய பக்க எண்ணிக்கையை விளம்பரப் பிரிவிடம் கேட்டுப் புதிதாக இடுவது ஒருவரின் பெயரில் ஒதுக்கப்பட்ட வேலை. அவர் விடுப்பில் போனால் யார் செய்வது என்பதும் ஷிஃப்ட் அட்டவணையில் எழுதப்பட்டிருக்கிறது.